பதினேழாம் நம்பர் பச்சை டப்பா

வாங்க தம்பி, வாங்க. ஏணிய அந்தச் செவுத்தோரமா சாச்சு வெச்சிருங்க, ஆரும் எடுக்க மாட்டாங்க. இந்தக் காலனியில ஆரு எதைத் தொட்டாலும் எனக்குத் தெரிஞ்சுரும். உக்காருங்க. ருக்குமணி, தம்பிக்கு ஒரு காப்பி!... என்ற சம்சாரம் வர மாட்டா, விடுங்க. கேமராச் சமாச்சாரமுன்னு ஆராச்சும் வந்தாப் போதும், உள்ர போயிப் படுத்துக்குவா. அப்பறமா நானே போட்டுத் தர்றனுங்க.

சிக்கல் என்னன்னு போன்ல சொன்னனில்லீங்க? பதினேழாம் நம்பரு. அந்தக் கடைசி ஊடு, கேட்டுல பூட்டுத் தொங்குதுல்ல, அதுதான். அந்த ஊட்டு வாசல்ல இருக்கற பச்சை டப்பாவ ஆரோ தெறக்கறாங்கன்னு தெனமும் வெடியால என்ற போனுக்கு மணி வருதுங்க. பால்காரன் வர்றதுக்கும் முந்தி. எடுத்துப் பாத்தா ஒரு போட்டோ. மூடி தெறந்திருக்கும், உள்ள ஒண்ணுமிருக்காது. காலி டப்பா. அந்த ஊட்டுல ஆளே இல்லீங்க தம்பி. மழைக்கு முந்திப் பூட்டினது.

காத்தா இருக்குமுன்னு முதல்ல நெனச்சேன். மூடி மேல ஒரு செங்கல்லைத் தூக்கி வெச்சேன். மக்யா நாளும் மணி வந்துது. போயிப் பாத்தா செங்கல்லு கீழ இருக்குது. விழுந்து கெடக்கலீங்க. பதனமா, செவுத்தோரமா எறக்கி வெச்சிருக்குது. திருப்பித் தூக்கி வெச்சாலும் மறுக்கா அதே கதைதான். பூனை செங்கல்லை எறக்கி வெக்குமுங்களா?

நீங்க கேக்கறது சரிதான். போட்டோவுல ஆளு தெரியாதுங்க. டப்பா மட்டுந்தான் தெரியும். அது இந்தக் காலனிக்காரங்க பண்ணின கூத்து. முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். சித்தெ இருங்க, அவசரமில்லீல்ல?

நான் மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தவனுங்க. பேரு நாச்சிமுத்து. ஆரு எப்ப உள்ள வர்றான், எப்ப வெளிய போறான், பாக்கறதுதான் என்ற வேலை. ஒருத்தனும் என்னைய ஏமாத்தினதில்லை. ரிட்டயர் ஆகி இங்க ஊடு கட்டி வந்தப்பறம், நீங்களே செயலாளரா இருங்கன்னு அல்லாரும் ஒட்டுக்காச் சொன்னாங்க. அப்ப இந்தக் காலனி இருந்த இருப்பைப் பாக்கோணுமே. மக்கற குப்பைய பச்சை டப்பாவுலயும் மக்காததை நீல டப்பாவுலயும் போடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேப்பாங்களா? சோத்துக்குள்ள பிளாஸ்டிக்கு, பிளாஸ்டிக்குக்குள்ள மீன் முள்ளு. குப்பை வண்டிக்காரங்க ஒரு நாளு பாத்தாங்க, ரெண்டு நாளு பாத்தாங்க, எங்க தெருவையே விட்டுட்டுப் போயிட்டாங்க. நாயி இழுத்துப் போட்டு, புழு நெளிஞ்சு, மூக்கப் பொத்தீட்டுத்தான் நடக்கோணும். அப்பத்தான் கேமரா வெக்கலாமுன்னு நான் மீட்டிங் போட்டேன்.

என்ன எதிர்ப்புங்கறீங்க! என்னமோ குளிக்கற ரூம்புல வெக்கறேன்னு சொன்னாப்பல. பத்தாம் நம்பரு வசந்தாமணி, பிளவுஸ் தெக்கறவங்க, எந்திரிச்சு நின்னுட்டாங்க.

"எங்க ஊட்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்குதுங்க. அதுக மாசாமாசம் போடறதெல்லாம் உங்க போனுக்கு வருமுங்களா?"

"பேப்பர்ல சுத்திப் போடச் சொல்லுங்கம்மா. சுத்தமும் ஆச்சு, மானமும் ஆச்சு"ன்னேன்.

"அப்பறம் மாத்திரை அட்டை போடுவோம், கிழிஞ்ச துணி போடுவோம், சண்டை போட்டு ஒடைச்ச தட்டம் போடுவோம். அதெல்லாம் எங்க ஊட்டு விசயமில்லீங்களா?"

"டப்பா ரோட்டுல இருக்குது, ரோடு பொதுவு"ன்னேன். தண்ணி போடற சிவசாமி மட்டும் பொட்டாட்ட உக்காந்திருந்தாப்ல. பாட்டலெல்லாம் எங்க கொண்டுட்டுப் போயிப் போடறதுன்னு அவருக்கு அவரு கவலை.

கடைசியில ஒரு சமாதானம் பண்ணினாங்க. ஆளு மொகம் விழுகக் கூடாது, டப்பா மட்டுந்தான் விழுகோணும். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு சின்னக் கேமரா, மூடி தெறந்தா அது டப்பாவுக்குள்ள ஒரு போட்டோ எடுத்து செயலாளர் போனுக்கு அனுப்போணும். அதுக்குத்தான் கை தூக்குனாங்க. இந்தக் கோகிலவாணியும் தூக்குனாங்க, பதினேழாம் நம்பரு. எனக்கு நல்லா ஞாபகமிருக்குது. பின்னாடி வரிசையில நின்னுட்டு, முந்தானைய இப்படி இழுத்துப் பிடிச்சுட்டு.

தெருக் கம்பத்துல இருக்கற கேமரா தனிங்க. அது திருட்டுப் பயத்துக்காக முன்னாடியே வெச்சது. அது தெருவையே எடுத்து இந்தப் பொட்டியில பதிஞ்சு வெச்சுக்குமாமே. எனக்கு அதைப் போட்டுப் பாக்கத் தெரியாது. நீங்கதான் பாத்துச் சொல்லோணும். ஆமாங்க, இந்தப் பொட்டிதான். தூசி இருக்கும், தொடைச்சுக்குங்க. நீங்க அதை மாட்டீட்டே கேளுங்க.

அப்பறம் பாருங்க, ஒரே மாசத்துல தெரு கண்ணாடியாட்ட ஆயிருச்சு. வண்டி வந்துது. நாயி போச்சு. என்ற போனு மட்டும் விடாம அடிச்சுட்டே இருக்கும். ருக்குமணி திட்டுவா, சோறு திங்கறப்பக்கூட குப்பையப் பாத்துட்டே திங்கறீங்களேன்னு. பாக்கோணுமில்லீங்க? ஒருத்தரு சுத்த சைவம், நெத்தி நெறைய திருநீறு, டப்பாவுல பாத்தா எலும்பு. நான் ஆருகிட்டயும் சொல்லலை. தப்பாப் பிரிச்சதை மட்டுந்தான் காலனி வாட்ஸ்அப் குரூப்புல போடுவேன். பேரு போட மாட்டேன், ஊட்டு நம்பரு மட்டும். அது நாயந்தானுங்களே?

இந்தக் கோகிலவாணி தபாலாபீஸ்ல கவுண்டர்ல உக்காந்திருந்தவங்க. ஊட்டுக்காரரு தவறி ரொம்ப நாளாச்சு. ஒரே புள்ளை, இனியான்னு, வெளியூர்ல ஹாஸ்டல்ல இருந்து பன்னெண்டாவது படிச்சுது. தனியா இருந்தாங்க. சத்தமே இருக்காது. குப்பையும் கொஞ்சமாத்தான் வரும். ரெண்டு வெங்காயத் தோலு, ஒரு முட்டை ஓடு, அம்புட்டுத்தான்.

ஒரு நாளு காத்தால மணி வந்துது. பாத்தா, பச்சை டப்பாவுக்குள்ள ஒரு பேப்பர் பொட்டணம். ஈரத்துல பேப்பரு பிரிஞ்சு கெடக்குது. உள்ள முடிங்க தம்பி. தலைமுடி. சீப்புல வர்ற சிக்கு இல்லைங்க. நீளம் நீளமா, கொத்துக் கொத்தா, ஒரு கூடை முடி. என்னதான் இதுன்னு பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தேன். அங்கங்க ஒண்ணு ரெண்டு வெள்ளை முடி.

நான் என்ன நெனச்சேன்னா, ஊட்டுக்குள்ள பியூட்டி பார்லர் நடத்தறாங்கன்னு நெனச்சேன். வேற என்னன்னு நெனைக்கறது, சொல்லுங்க? குடியிருக்கற ஊட்டுல தொழில் பண்ணக் கூடாதுன்னு சங்கத்துல விதி இருக்குது. போட்டோவ குரூப்புல போட்டு, கீழ முறையா எழுதினேன்: 'பதினேழாம் எண் வீட்டில் அழகு நிலையம் நடைபெறுகிறதா? முடி மக்கும் குப்பையில் சேராது. சங்கத்திற்கு விளக்கம் தேவை.' அம்புட்டுத்தான் எழுதினேன். ஒரு கெட்ட வார்த்தை உண்டுங்களா அதுல?

குரூப்புல ஒருத்தரும் பதில் போடலை. எப்பவும் கைதட்டற பொம்மை போடுவாங்க, சிரிக்கற பொம்மை போடுவாங்க. அன்னைக்கு ஒண்ணுமே இல்லை.

பொழுதோட கோகிலவாணியே வந்துட்டாங்க. இங்க, நீங்க உக்காந்திருக்கறீங்களே, அந்த நாற்காலிக்குப் பக்கத்துல நின்னாங்க. உக்காருங்கம்மான்னேன், உக்காரலை. சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துப் போட்டிருந்தாங்க. கோயிலுக்குப் போயிட்டு வர்றாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்.

"அந்தப் போட்டோவ எடுத்துருங்கண்ணா"ன்னாங்க.

"வெளக்கம் குடுங்கம்மா, எடுத்தர்றேன்."

"அது என்ற முடிதானுங்கண்ணா."

"இத்தனையா?"

"இத்தனைதானுங்கண்ணா இருந்துது"ன்னாங்க.

நான் சொன்னேன், அம்மா, இங்க வர்றதெல்லாம் போர்த் தண்ணி, உப்புத் தண்ணி, அதுல குளிச்சா முடி கொட்டத்தான் செய்யும், கரிசலாங்கண்ணி போட்டுக் காச்சின எண்ணெய் தேய்ங்கன்னு சொன்னேன். நல்லதுக்குத்தான சொல்றேன். உள்ர இருந்து ருக்குமணி வந்து, "ஏனுங்க, வாயை மூடுங்க"ன்னா. வந்தவங்களுக்கு முன்னால அப்படிச் சொல்றவ இல்லீங்க அவ.

"புள்ளைக்குப் பரிச்சை வருதுங்கண்ணா. அதுக்கு ஒண்ணும் தெரியாது. அது கண்ணுல படறதுக்குள்ள எடுத்துருங்க."

"புள்ளைக்கும் குப்பைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"வேண்டாமுன்னுதானுங்கண்ணா தூக்கிப் போட்டேன். நீங்க எடுத்து அல்லாருத்துக்கும் குடுத்துட்டீங்களே."

சத்தம் போட்டுச் சொல்லலீங்க. தபாலாபீஸ்ல, மணியார்டர் வரலீங்கன்னு சொல்லுவாங்கல்ல, அந்த மாதர சொன்னாங்க. சொல்லீட்டு, கேட்டைச் சாத்தீட்டுப் போயிட்டாங்க.

நான் அப்பவே அழிச்சுட்டேன் தம்பி. அவங்க அந்தத் தெரு மொக்குத் திரும்பறதுக்குள்ள அழிச்சுட்டேன். அது என்ற போனுல மட்டும் அழிஞ்சுதாம். மத்தவங்க போனுல அழிக்கறதுக்கு வேற பொத்தானை அமுக்கோணுமாமே? அதெல்லாம் எனக்கு ஆரு சொன்னா? உங்களாட்ட வெவரம் தெரிஞ்ச ஆளு அப்பவே சொல்லியிருந்தா...

சரி, அது போகட்டும். அதுக்கப்பறம் அந்தம்மா டப்பாவுல ஒண்ணுமே வரலை. பச்சையும் காலி, நீலமும் காலி. ஒரு தோலு, ஒரு காயிதம், ஒண்ணுமில்லை. எனக்கு எப்படி இருந்துதுன்னு சொல்றது? ஒரு வார்த்தை சொன்னதுக்கு இப்படித் திருந்தீட்டாங்களேன்னு பெருமையாத்தான் இருந்துது. காத்தால பஸ் ஸ்டாப்புல பாப்பேன், மடியில ஒரு துணிப்பை வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. மெலிஞ்சு போயிருந்தாங்க. பையில என்னம்மான்னு ஒரு நாளு கேட்டேன். துணிங்கண்ணான்னாங்க.

குடியரசு தினத்துக்கு நாங்க கொடியேத்துவோம். அந்த வருசம் நானே யோசனை பண்ணி ஒரு பரிசு வெச்சேன், குப்பையே இல்லாத சிறந்த ஊடுன்னு. எவர்சில்வர் தூக்குப் போசி, பேரு வெட்டி. கோகிலவாணியம்மா வாங்கன்னு மைக்குல கூப்புட்டேன். வந்தாங்க. தலையில ஸ்கார்ப்பு இறுக்கிக் கட்டியிருந்தாங்க. புருவம்கூட இல்லீங்க தம்பி. கிட்ட வந்தப்பத்தான் பாத்தேன். ரெண்டு கையிலயும் வாங்கிக்கிட்டு, "ரொம்ப நன்றிங்கண்ணா"ன்னாங்க. கை ஐஸாட்ட இருந்துது.

ஒருத்தரும் கை தட்டலை. அத்தனை பேரு நிக்கறாங்க, கொடி படபடக்கற சத்தம் மட்டுந்தான் கேக்குது. வசந்தாமணி அழுவுது. பொறாமையின்னு நெனச்சனுங்க நானு. தெய்வத்து மேல சத்தியமா, பொறாமையின்னுதான் நெனச்சேன்.

ஊட்டுக்கு வந்து ருக்குமணிதான் சொன்னா. அந்தம்மாளுக்குப் புத்துநோயாம், மருந்து ஏத்தறாங்களாம், காலனிக்கே தெரியுமாம். அந்தப் போட்டோவப் பாத்த அன்னைக்கே பொம்பளைக அல்லாருக்கும் வெளங்கீருச்சாம். அப்பறம் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமா ஒவ்வொருத்தரா அவங்க கேட்டுக்கிட்டப் போயி நின்னு, தலையப் பாத்துட்டுப் பாத்துட்டு வந்தாங்களாம். அது வேண்டாமுன்னுதான் அவங்க ஆருகிட்டயும் சொல்லாம இருந்தாங்களாம். "அந்தத் துணிப்பையில என்ன இருந்துதுன்னு தெரியுமா? ஊட்டுக் குப்பை. மாத்திரை அட்டை, வாந்தி தொடைச்ச துணி, அல்லாத்தையும் மடியில வெச்சுட்டு பஸ்ஸுல போயி, ஆஸ்பத்திரித் தொட்டியில போட்டுட்டு வர்றாங்க. நீங்க பாத்தர்றீங்கன்னு"ன்னா.

எனக்கு ஆருமே சொல்லலை, பாருங்க. காலனி செயலாளரு நானு. சொன்னாத்தானுங்க தெரியும்? சட்டப்படி பாத்தா அந்தப் பரிசே செல்லாதுங்க, குப்பைய வெளிய கொண்டுட்டுப் போறது விதியில இல்லை. அதையும் நான் கேக்கலை. மனுசன்னு ஒரு இது இருக்குதுல்ல.

அப்பறம் அந்தப் புள்ளை வந்துருச்சு. ஹாஸ்டல்ல கூடப் படிக்கற புள்ளையோட அம்மா எங்க காலனிதான். அவங்க போனுல இருந்து அந்தப் போட்டோ மகளுக்குப் போயி, மகள்கிட்ட இருந்து இதுகிட்டப் போயிருக்குது. டப்பா விளிம்புல நம்பரு எழுதியிருக்குதுல்ல, அது போட்டோவுல தெரிஞ்சிருக்குது, நாந்தான் பெயிண்ட்ல பெருசா எழுதினது. பரிச்சை நேரத்துல மூட்டையத் தூக்கிட்டு வந்து எறங்கி, நடுத்தெருவுலயே "அம்மா"ன்னு ஒரு சத்தம் போட்டுது. நான் ஜன்னல்ல நின்னுட்டு இருந்தேன். கோகிலவாணி வெளிய வந்து, முதல்ல கையத் தூக்கித் தலைய மறைச்சுக்கிட்டாங்க. அப்பறம் கைய எடுத்துட்டாங்க. அந்தப் புள்ளை அம்மாளோட தலைய ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு நின்னுது. பரிச்சைக்குப் போகலையாட்ட இருக்குது. நான் கேக்கலை.

கொஞ்ச நாள்ல கோகிலவாணியோட அக்கா வந்து ரெண்டு பேரையும் கூட்டீட்டுப் போயிட்டாங்க. அங்கதான் அந்தம்மா கண்ணை மூடினாங்க. சேதி வந்தன்னைக்குக் காலனியில ஒரு வேனு புடிச்சுட்டுப் போனாங்க. எனக்கு எடமில்லைன்னுட்டாங்க. ருக்குமணிக்கு இருந்துது.

ஊட்டைக் காலி பண்ண அந்தப் புள்ளை பெரியம்மாளோட வந்துச்சு. நானே போனேன். அப்படி ஒண்ணும் நான் ஒளிஞ்சுக்கற ஆளு இல்லீங்க. "கண்ணு, போட்டோவ நான் அன்னைக்கே அழிச்சுட்டேன்"னு சொன்னேன். அது பொட்டியில சாமானை அடுக்கீட்டே சொல்லுச்சு:

"நான் அழிக்கலீங்க அங்கிள்."

"ஏன் கண்ணு?"

"எங்கம்மாளுக்குப் போட்டோ எடுத்துக்கறது புடிக்காதுங்க. அம்மா முடி எங்கிட்ட இருக்கறது அந்தப் போட்டோவுல மட்டுந்தான். சின்னதுல அந்த முடியில மொகத்தை மூடிப் படுத்துக்குவேன்."

பாத்தீங்களா! அந்தப் புள்ளையே பத்திரமா வெச்சிருக்குது. நான் எடுத்ததுதானுங்களே? இவங்க அல்லாரும் என்னமோ நான் கொலை பண்ணினாப்பல, கேமராவக் கழட்டோணுமுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறாங்க. உங்களை அதுக்கும் சேத்துத்தான் வரச் சொன்னது. கழட்டீருங்க. எனக்கு என்ன போச்சு? நாறட்டும் தெரு. ஆனா கழட்டறதுக்கு முந்தி, இது ஆருன்னு தெரிஞ்சாகோணும். ஆரோ வேணுமின்னே பண்றாங்க. அந்தம்மா பேரைச் சொல்லி என்னைய வெரட்டறதுக்கு. இல்லைன்னா... இல்லைன்னு ஒண்ணுமில்லை. ருக்குமணிகிட்டச் சொன்னா, "தூங்குங்க"ங்கறா. அம்புட்டுத்தான் அவ பேசறதே.

வந்துருச்சுங்களா? அட, தெரு நல்லாத் தெரியுதே. இது இன்னைக்கு வெடியால எடுத்ததுங்களா? ஆமாங்க, அதுதான் பதினேழு. ஓட்டுங்க. சித்தெ மெல்ல ஓட்டுங்க.

வர்றாங்க பாருங்க! வர்றாங்க! ஆரது? துண்டு போட்டுட்டு... வயசான ஆளாட்ட இருக்குது. நம்ம காலனி ஆளு மாதர தெரியிலீங்களே. செருப்பில்லாம வர்றான், பாருங்க. செங்கல்லை எடுக்கறான். பதனமா வெக்கறான். நான் சொன்னனில்லீங்க?

ஏனுங்க தம்பி, அங்க பாக்காம என்னையப் பாக்கறீங்க?

...சரி. ஆமாங்க. நாந்தான். என்ற சட்டைதான் அது. மணி வந்துருக்கும், அதான் எந்திரிச்சுப் போயிருப்பேன். தெனமும் போயிப் பாக்கறதுதானே. மணி வந்ததுக்கப்பறம் போனது அது. அதுக்கு முந்தி ஆரு தெறந்தாங்கன்னு பாருங்க.

என்னங்க? மூடியத் தெறந்ததுக்கப்பறந்தான் சட்டைப் பையில போனு வெளிச்சமடிக்குதா? எங்க? ...ஆமா, அடிக்குது.

என்ன பண்றேன் நானு? குனிஞ்சு... துண்டால தொடைக்கறனுங்களா? டப்பாவுக்குள்ளயா? ஒண்ணுமே இல்லையே அதுல, என்னத்தைத் தொடைக்கறேன்?

எனக்கு ஞாபகமில்லீங்க தம்பி. சத்தியமா ஞாபகமில்லை.

நேத்தைக்கு எடுத்ததைப் போடுங்க. ...அதுலயும் நாந்தானா. அதுக்கு மொத நாளு? சரி, விடுங்க, ஒவ்வொண்ணாப் போட வேண்டாம். எனக்கு வேற ஒண்ணு பாக்கோணும். அந்தம்மா அந்தப் பொட்டணத்தைக் கொண்டாந்து போட்டாங்கல்ல, அந்த நாளைப் போடுங்க. அது டப்பாக் கேமராவுல வந்துது, அதுல வெறும் முடிதான் இருக்குது. இது தெருக் கேமரா, இதுல அவங்க மொகம் இருக்குமுல்லீங்க? எப்படிக் கொண்டாந்து போட்டாங்கன்னு பாக்கோணும். ஒரு தடவை பாத்தாப் போதும்.

அத்தனை நாளு இதுல நிக்காதுங்களா? பழசு மேலயே புதுசு பதிஞ்சுருமா? நீங்க சரியாப் பாருங்க தம்பி, அவசரப்படாதீங்க. காப்பி போட்டுத் தர்றேன். கேமராவ அப்பறமாக் கழட்டிக்கலாம். பின்னால ஓட்டுங்க. இன்னும் பின்னால. அந்தம்மா வர்ற வரைக்கும் ஓட்டுங்க.